அரிசிச் சோற்று வீட்டுக்குள் கோதுமை வந்த கதை

இன்றைக்கு இரவில் சப்பாத்தி போடாத தமிழ் வீடு குறைவு. கேட்டால், "சர்க்கரை இருக்கிறது, டாக்டர் சொன்னார்" என்பார்கள். ஆனால் கோதுமை நம் அடுப்படிக்குள் முதலில் நுழைந்தது டாக்டர் சீட்டோடு அல்ல, ரேஷன் கார்டோடு. அது அங்கே காலூன்ற இருபத்தைந்து வருஷம் பிடித்தது. என் வயதுக்காரர்களுக்குக் கதையின் பின்பாதி நேரடியாகத் தெரியும். முன்பாதி பெரியவர்கள் சொல்லிக் கேட்டதும் படித்ததும்.

1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். அதுவரை பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு ஆண்டுதோறும் 10 லட்சம் டன்னுக்கும் மேல் அரிசி கப்பலில் வந்துகொண்டிருந்தது. அது நின்றுபோனது. அடுத்த வருஷம் வங்காளத்தில் பஞ்சம். பதுக்கல், விலையேற்றம், அரசின் அலட்சியம் எல்லாம் சேர்ந்து 20 லட்சம் முதல் 30 லட்சம் பேர் வரை மாண்டார்கள். 1943-ல் சென்னை நகரில் ரேஷன் வந்தது. தலைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தார்கள். அரிசி போதாத இடத்தைக் கோதுமையும் பிற தானியங்களும் நிரப்பின.

கோதுமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நம் பெண்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. அவர்கள் எடுத்தவுடன் ரொட்டி சுடவும் இல்லை. தெரிந்த பண்டத்துக்குள் தெரியாத தானியத்தை நுழைத்தார்கள். உடைத்து ரவையாக்கினால் உப்புமா, இன்னும் பொடியாக்கினால் கஞ்சி. மாவைக் கரைத்துப் பச்சைமிளகாய் கிள்ளிப் போட்டால் கோதுமை தோசை. வெல்லம் சேர்த்தால் பாயசம். சப்பாத்தி கடைசியாகத்தான் வந்தது. அதற்கும் ஒரு இடம் தயாராக இருந்தது. விரத நாளில் ஒருபொழுது சாப்பிட்டுவிட்டு இரவில் பலகாரம் பண்ணும் வழக்கம் பல வீடுகளில் உண்டல்லவா? அந்த இடத்தில் சப்பாத்தி வந்து உட்கார்ந்துகொண்டது. மதியச் சோற்றை அது தொடவில்லை. அதனால்தான் யாரும் சண்டை போடவில்லை.

இதே காலத்தில் வேறு இடங்களிலும் இப்படி நடந்தது. இட்லிக்கு அரிசி கிடைக்காததால் ரவையில் செய்து பார்த்தோம் என்று பெங்களூர் எம்.டி.ஆர். உணவகத்தார் ரவா இட்லியின் கதையைச் சொல்கிறார்கள். கிழக்காசியாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றதும், சேலத்தில் மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து அதைத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். திருவிதாங்கூரில் 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய மரவள்ளி, அறுபது வருஷம் கழித்துப் போர்க்காலத்தில் பல குடும்பங்களின் வயிற்றைக் காத்தது. நல்ல காலத்தில் நட்டுவைத்தது கெட்ட காலத்தில் உதவியது.

1952-ல் ராஜாஜி முதலமைச்சராக வந்து உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். கொஞ்ச நாள் மூச்சு விட முடிந்தது. பிறகு 1965, 1966 இரண்டு வருஷமும் தொடர்ந்து மழை பொய்த்தது. பி.எல். 480 திட்டத்தில் அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. 1966-ல் மட்டும் நாடு இறக்குமதி செய்த தானியம் சுமார் 1 கோடி டன். பிரதமர் சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளை உணவை விடச் சொன்னார். திங்கட்கிழமை இரவில் ஓட்டல்கள் மூடின. பல வீடுகளில் அன்று அடுப்பு மூட்டவில்லை.

எங்கள் வீட்டுச் சிக்கனம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வடித்த கஞ்சியைக் கொட்டமாட்டார்கள். உப்புப் போட்டுக் குடிப்போம். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்தால் காலை ஆகாரம் ஆயிற்று. நொய்யைத் தனியே புடைத்தெடுத்து உப்புமாவுக்கு வைப்பார்கள். இதையெல்லாம் தியாகம் என்று யாரும் பேசிக் கேட்டதில்லை. ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்ததால் வலி தெரியவில்லை.

ஆனால் இந்தக் கதையை இப்படியே பெருமையாக முடித்தால் பாதி உண்மைதான் சொன்னதாகும். அரிசித் தட்டுப்பாடு என்பது அரிசி சாப்பிட்டவர்களின் கஷ்டம். ஊர்ப்புறத்துக் கூலிக்காரர்கள் வீட்டில் அன்றாடம் கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் சோளச் சோறும்தான். நெல்லுச் சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும். நாங்கள் "கஷ்ட காலம்" என்று சொன்னது அவர்களுக்கு எல்லாக் காலமும். அவர்களிடம் போய்ச் சிக்கனமாக இருங்கள் என்றால் எதைக் குறைப்பார்கள்?

1967 தேர்தலில் "ரூபாய்க்கு மூன்று படி அரிசி" என்ற வாக்குறுதி ஏன் அவ்வளவு தூரம் எடுபட்டது என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அண்ணா ஆட்சிக்கு வந்ததும் முதலில் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி கொடுக்க முடிந்தது. அந்தத் தேர்தலுக்கு மொழிப் போராட்டம் போன்ற பெரிய காரணங்கள் இருந்தன. இருந்தாலும் அரிசி வரிசையில் நின்ற கால்களும் ஓட்டுப் போட்டன.

மாற்றம் வயலிலும் மெதுவாகத்தான் வந்தது. 1960 வாக்கில் தஞ்சையில் தீவிர சாகுபடித் திட்டம் தொடங்கியது. பிறகு ஆடுதுறை 27, அதைத் தொடர்ந்து ஐ.ஆர். 8. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில்தான் திறந்தது. நெல் பெருகி, நியாயவிலைக் கடைகள் ஊர் ஊராகப் போனபின், களி தின்ற வீடுகளிலும் தினமும் சோறு பொங்கியது. அதை யாரும் குறை சொல்லக்கூடாது. கேழ்வரகு போய்விட்டதே என்று வருந்துகிறவர்கள், அதை மட்டுமே தின்றவர்களைக் கேட்டுவிட்டுப் பேசவேண்டும்.

இப்போது அதே கம்பும் வரகும் அழகான பாக்கெட்டில் அரிசியைவிட அதிக விலைக்கு விற்கின்றன. வாங்கிச் சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது. என் பேரப்பிள்ளைகளிடம் நான் சொல்வது இவ்வளவுதான்: ஒரேயடியாக மாறாதீர்கள். வாரத்தில் ஒரு வேளை போதும், அதுவும் தெரிந்த பண்டமாகச் செய்யுங்கள், தோசையாகவோ உப்புமாவாகவோ. அடுத்த கஷ்ட காலம் எந்த வடிவத்தில் வரும் என்று தெரியாது. வரும்போது தட்டில் ஏற்கெனவே பழகிய இரண்டு மூன்று தானியம் இருந்தால், பிள்ளைகள் முகம் சுளிக்காமல் சாப்பிடும்.