ஸ்ரீராம்புரத்துப் பதிலியும் சட்டத்தின் பழகுநரும்

பெங்களூரின் ஸ்ரீராம்புரம், ஆலைகளை நம்பி வளர்ந்த தமிழ்க் குடியிருப்புகளுள் ஒன்று. மல்லேசுவரத்தை ஒட்டிய இராஜா மில்லும் தெற்கே பின்னி மில்லும் அவ்வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போட்டன. இந்தியப் பஞ்சாலைகளில் வேலை கற்பதற்கென்று பெரும்பாலும் தனிப் பள்ளி இருந்ததில்லை. மேஸ்திரியின் தயவோ உறவினரின் பரிந்துரையோ இளைஞனை உள்ளே சேர்த்தது. எவரேனும் வராத நாளில் பதிலியாக நின்று அவன் கதிரையும் தறியையும் பழகினான். சான்றிதழ் கிடையாது, உறவில்லாதவனுக்குக் கதவும் திறக்காது. ஆயினும் கற்ற இடத்திலேயே பின்னர் வேலை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு அம்முறைக்குள் இருந்தது.

சட்டம் வேறொரு வழியில் வந்தது. 1850ஆம் ஆண்டின் பழகுநர் சட்டம் அனாதைகளையும் ஏழைச் சிறாரையும் கருதி இயற்றப்பட்டது. 10 முதல் 18 வயதுக்குட்பட்டோரை அதிகபட்சம் 7 ஆண்டுகள் ஒரு தொழிலில் ஒப்பந்தத்தால் பிணைக்க அது இடமளித்தது.

பெங்களூரில் 1940இல் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட், 1948இல் ஐ.டி.ஐ., 1953இல் எச்.எம்.டி., 1954இல் பி.இ.எல். தோன்றிய பின் தேவை மாறியது. அளவு பிசகாமல் உலோகம் கடையும் கைகள் வேண்டியிருந்தன. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், குறிப்பிட்ட தொழிற்பிரிவுகளில் பழகுநரைச் சேர்ப்பதை நிறுவனங்களின் கடமையாக்கியது. மேஸ்திரி நின்ற வாயிலில் இப்போது சான்றிதழ் நின்றது. உறவுப் பின்புலம் அற்றவர்க்கு இது மெய்யான முன்னேற்றமே.

ஆனால் அதே சட்டத்தின் 18ஆம் பிரிவு, பழகுநர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளர் அல்லர் என்றது. பயிற்சி முடித்தவருக்கு வேலை தரும் கட்டாயம் முதலாளிக்கு இல்லை என்றது 22ஆம் பிரிவு. கற்குமிடத்துக்கும் பணியிடத்துக்கும் இடையே இருந்த இணைப்பு இவ்வாறு சட்டப்படியே துண்டிக்கப்பட்டது. உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் 1995இல் உச்சநீதிமன்றம், ஏனைய தகுதிகள் சமமாயின் பயிற்சி பெற்றவர்க்கு நேரடி விண்ணப்பதாரரைவிட முன்னுரிமை தர வேண்டும் என்றது. 2014ஆம் ஆண்டின் திருத்தமோ, பழகுநரைப் பணியமர்த்தும் கொள்கையை ஒவ்வொரு நிறுவனமும் தானே வகுத்துக்கொள்ளட்டும் என்றது.

இராஜா மில் இருந்த இடத்தில் இன்று வணிக வளாகம் நிற்கிறது. பதிலி முறையை ஏக்கத்தோடு நினைவுகூர வேண்டியதில்லை. அதன் பாகுபாடு கொடியது. எனினும் ஓர் ஆண்டில் எத்தனை பேர் பயிற்சி பெற்றனர் என்ற கணக்கோடு ஆய்வு நின்றுவிடலாகாது. அவர்களுள் எத்தனை பேர் கற்ற இடத்திலேயே பணியில் அமர்ந்தனர் என்பதையும் அது கேட்க வேண்டும்.