தணிகையும் நோய்த்தணிப்பும்

சூரனொடு பொருத பின்னர் முருகப்பெருமான் சினந் தணிந்து அமர்ந்த இடமாதலின் திருத்தணி அப்பெயர் பெற்றதென்பது புராண வழக்கு. தணிதல் என்பது அற்றொழிதல் அன்று. மிக்கு நின்றது குறைந்து அமைதலேயாம். தீர்த்தற்கு இயலாத நோயுற்றார்க்கு நோவினைக் குறைத்து, எஞ்சிய நாள்களை இனிது கழிக்கச் செய்யும் முறையை இக்கால மருத்துவர் தணிப்பு மருத்துவம் என்று வழங்குவர். நோய் தீராதாயினும் நோவு தணியும் என்பதே அதன் கொள்கை. அம்முறை வளர்ந்த வரலாற்றையும், அதன்கண் ஊரவர்க்குரிய கடமையையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

பிணியாளரைப் பேணுதல் தமிழகத்துக் கோயில்களுக்குப் புதிதன்று. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலிலுள்ள பெருமாள் கோயிற் கல்வெட்டு, 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்து விளங்கிய ஆதுலசாலை ஒன்றைக் கூறுகின்றது. ஆண்டு நோயாளர்க்கு 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவரும், அறுவை செய்வார் ஒருவரும் இருந்ததோடு, மருந்துச் செடிகள் கொணர்வார் இருவர்க்கும், பணிப்பெண்டிர் இருவர்க்கும், நீர் கொணர்வார்க்கும் படி வகுக்கப்பட்டது. மருந்தறிந்தாரோடு நீர் சுமந்தாரையும் ஒருங்கு எண்ணிய அக்கல்வெட்டு, பேணல் மருத்துவர் ஒருவரால் மட்டும் முடிவதன்று என்பதைக் காட்டுகின்றது.

இக்காலத்து முறைக்கு வழிகாட்டியவர் இங்கிலாந்தில் செவிலியாயிருந்து பின்னர் மருத்துவரான சிசிலி சாண்டர்சு அம்மையார். இவர் 1967இல் இலண்டன் நகரில் செயின்ட் கிறிசுடோபர் இல்லத்தைத் தொடங்கினார். சாவார் படுந் துன்பம் உடலளவில் நில்லாது, உள்ளத்தையும், குடும்பத்தையும், உயிரின் நாட்டத்தையும் பற்றி நிற்பதென்பது இவர் கண்ட உண்மை. நம் நாட்டில் 1986இல் பம்பாயில் சாந்தி அவேத்னா சதன் எழுந்தது. எனினும் தடையொன்று குறுக்கே நின்றது. கடுநோவினை ஆற்றும் மார்பின் என்னும் மருந்து அபினியினின்று எடுக்கப்படுவது. அபினியை விளைவித்து அயல்நாடுகட்கு அனுப்பும் நாடாயிருந்தும், 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருட் சட்டத்தின் கடுமையால் நம்மவர் நோயாளர்க்கு அஃது அரிதாயிற்று. அச்சட்டம் 2014இல் திருத்தப்பட்ட பின்னரே மருத்துவப் பயனுக்கு வழி எளிதாயிற்று.

இதற்கிடையே கேரள நாட்டில் வேறொரு நெறி தோன்றியது. கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் 1993இல் இராசகோபால், சுரேசு குமார் என்னும் மருத்துவர் முதலானோர் நோவு தணிப்புச் சங்கம் கண்டனர். நாளடைவில், மருத்துவமனைக்கு வரவியலாதார் வீடுகளுக்கு அண்டை அயலாரே சென்று பேணும் அமைப்பு மலப்புரம் முதலிய இடங்களிற் பரவியது. புண் கழுவுவோரும், அரிசி கொடுப்போரும், வெறிதே அருகிருந்து பேசுவோருமாக ஊரே அதன்கட் புகுந்தது. 2008இல் அவ்வரசு இதனைத் தன் கொள்கையாக ஏற்றது. ஆசுத்திரேலியச் சமூகவியலறிஞர் கெல்லகியர் 1999இல் வெளியிட்ட நூலில், சாவும் துயரும் பொதுநலத்தின் பாற்படும் என வற்புறுத்தினார். உலக நலப் பேரவையும் 2014இல் எல்லா நாடுகளும் இதனை மேற்கொள்ளுமாறு தீர்மானித்தது.

ஈண்டு ஒரு தடை எழும். "நோவு வினைப்பயன், அதனை நுகர்ந்தே கழிக்கவேண்டும், தணித்தல் எற்றுக்கு?" என்பர் சிலர். அற்றன்று. வினை நுகர்ச்சி இறைவன் ஆணைவழி நிகழ்வது. பிறர் நோவைக் கண்டு வாளா இருத்தற்கு அது நமக்குத் தரப்பட்ட உரிமைச்சீட்டாகாது. சூலைநோயால் வருந்தித் தம்மை அடைந்த தம்பியாரைத் திலகவதியார் வினை காட்டி ஒதுக்கினாரல்லர். திருநீறு அளித்து அணைத்துக்கொண்டார். அதற்கு முன்னும், பெற்றோரை இழந்து, மணம் பேசப்பெற்ற கலிப்பகையாரும் போரில் மடிய, உயிர்விடத் துணிந்த அவ்வம்மையாரைத் தம்பியாரது வேண்டுகோளே நிலவுலகில் நிறுத்தியது. ஒருவர் துயரை மற்றொருவர் துணை தாங்கிற்று. தனித்து விடப்படாமையே துயர்க்கு முதன் மருந்து என்பது இதனாற் பெறப்படும்.

திருத்தணி 1960, ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்தினின்றும் சென்னை இராச்சியத்தோடு இணைந்தது. இன்றும் தமிழும் தெலுங்கும் அங்கே ஒரு தெருவில் வழங்குகின்றன. இறுதிப்படுக்கையிற் கிடப்பார்க்குத் தாய்மொழியிற் சொல்லும் ஆறுதல் மருந்தினும் முற்படும். அதனை அயலூர் மருத்துவர் தருதல் அரிது, அடுத்த வீட்டார் தருதல் எளிது. தமிழக அரசு 2021இல் கிருட்டிணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியிற் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னுந் திட்டத்தில், வீடு சென்று தணிப்புப் பேணல் செய்தலும் அடங்கும். செவிலியர் வந்து மருந்தளித்துச் செல்வர். அவர் சென்றபின் நிற்கும் நீண்ட இரவுகள் ஊரவரைச் சார்ந்தன.

தணிகை மலைப் படிகள் 365 என்பர். ஆண்டின் நாள் ஒன்றுக்கு ஒரு படி. அவற்றை ஏறவியலாது கிடப்பார் அடிவாரத்துத் தெருக்களிற் பலர் உளர். வழிபட்டு மீளும் அன்பர் அத்தகையார் ஒருவர் வாயிலில் ஒரு நாழிகை நின்று, திருநீறு தந்து, நீர் முகந்து கொடுத்து, அவர் சொல்வதைச் செவிமடுத்துச் செல்வாராயின், தணிகை என்னும் பெயர் மலைமேல் மட்டுமன்றி மனையகத்தும் பொருளுடையதாகும்.