விரலறியும் பொத்தான்

மிதியிலிருந்து காலை எடுத்த பின்னும் காரை ஒரே வேகத்தில் செலுத்தும் குரூஸ் கன்ட்ரோலைக் கண்டுபிடித்தவர் பார்வையற்றவர் என்பது பலரும் அறியாத செய்தி. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பிறந்த ரால்ஃப் டீட்டர் (1890–1982) ஐந்து வயதில் ஒரு விபத்தில் பார்வையிழந்தார். பொறியியல் பயின்றார். முதல் உலகப்போரின்போது போர்க்கப்பல்களின் டர்பைன் சுழலிகளைத் தொடுவுணர்வால் சமன்செய்தார். 1950-இல் அவர் காப்புரிமை பெற்ற கருவி, 1958-இல் கிறைஸ்லர் நிறுவனத்தின் கார்களில் அறிமுகமாயிற்று.

தொட்டறிதலின் அருமையை விமானத்துறை உணர்ந்தது இரண்டாம் உலகப்போரில். பி-17 விமானத்தில் சக்கரங்களையும் இறக்கை மடிப்புகளையும் இயக்கும் விசைகள் அருகருகே, ஒன்றுபோலவே இருந்தன. தரையிறங்கிய விமானிகள் சிலர் மடிப்புக்குப் பதிலாகச் சக்கரத்தை மடக்கிவிட, விமானம் வயிறு தேய ஓடுபாதையில் விழுந்தது. உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சபானிஸ் ஒன்றுக்குச் சக்கர வடிவிலும் மற்றதற்கு ஆப்பு வடிவிலும் பிடிகளைப் பொருத்தச் செய்தார். அவ்வடிவங்கள் பின்னாளில் விமான விதிகளிலேயே இடம்பெற்றன.

இன்றோ குரூஸ் கன்ட்ரோலின் பொத்தான்கள் ஸ்டீயரிங்கின் மீதே அமர்ந்திருக்கின்றன. பல கார்களில் அவை வழவழவென்று ஒன்றுபோலிருக்க, கண் சாலையை விட்டுக் கீழே தாழ்கிறது. ஒன்றில் ஒரு மேடு, மற்றொன்றில் ஒரு குழி, நடுவே ஒரு வரம்பு இருந்தால் போதும். டீட்டரின் விரல்கள் அவற்றை எளிதில் இனங்கண்டிருக்கும், நம்முடையவையும் காணும்.