பூட்டிய வாசலும் நிற்காத சட்டமும்

2013 அக்டோபர் முதல் வாரம். அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். மாப்பிள்ளை வாஷிங்டன் நகரைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போனார். நான் ஆசைப்பட்ட அருங்காட்சியகத்தின் வாசலில் பூட்டு. "அரசாங்கத்தையே மூடிட்டாங்க மாமா" என்றார். 34 வருடம் அரசு உத்தியோகம் பார்த்தவன் நான். எனக்கு அது விளங்கவே இல்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நம் நாட்டில் மக்களவையில் பட்ஜெட் தோற்றால் ஆட்சியே போய்விடும். அங்கே அப்படி இல்லை. அதிபர் தனி, காங்கிரஸ் தனி. இரு சபைகளும் ஒப்புக்கொண்டு அதிபரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் வரும். நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. அதற்குள் முடிவாகாவிட்டால், அவசரப் பணிகள் தவிர மற்றவை நிற்க வேண்டும் என்று 1980-ல் அட்டர்னி ஜெனரல் சிவிலெட்டி சட்ட விளக்கம் கொடுத்தார். நாளடைவில் அதுவே பேரத்துக்கு ஆயுதமாகிவிட்டது.

1995-ல் சண்டை மெடிகேர் பற்றியது. அது முதியோருக்கான மருத்துவக் காப்பீடு. அதன் பிரீமியத்தைக் கூட்டும் ஏற்பாட்டைக் குடியரசுக் கட்சியினர் தற்காலிகச் செலவு மசோதாவில் சேர்த்து அனுப்பினார்கள். அதிபர் கிளிண்டன் நிராகரித்தார். நவம்பரில் 5 நாள், டிசம்பர் நடுவிலிருந்து 21 நாள் அரசு அலுவலகங்கள் மூடின. பிரீமியம் உயரவில்லை. அடுத்த வருடம் கிளிண்டனே மறுபடி ஜெயித்தார்.

2013-ல் அதே கட்சி, ஒபாமாவின் காப்பீட்டுச் சட்டத்தை நிறுத்தினால்தான் பணம் என்றது. 16 நாள் மூடல். சுமார் 8 லட்சம் ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டத்துக்கான பணத்தில் பெரும்பகுதி வருடாந்தர ஒப்புதலை நம்பி இல்லை. அரசாங்கம் மூடிய அதே அக்டோபர் 1 அன்று, புதிய காப்பீட்டுக்குப் பதிவு தொடங்கியது! இணையதளம் திணறியது வேறு கதை. நிறுத்த நினைத்த சட்டம் ஓடியது. நின்று போனது பூங்காக்களும் அருங்காட்சியகங்களும். தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சி மருத்துவமனையில்கூட, மிக அவசரமானவர்களைத் தவிர, புதிய நோயாளிகளைச் சேர்க்கவில்லை.

ஒரு கட்சியை மட்டும் குறை சொல்வதற்கில்லை. 2025-ல் அதே ஆயுதத்தை ஜனநாயகக் கட்சி எடுத்தது. காப்பீட்டுக்கான கூடுதல் மானியத்தை நீட்டிக்கக் கேட்டார்கள். கோரிக்கை நியாயமானதே என்றுதான் எனக்குத் தோன்றியது. 43 நாள் மூடல். முடிவில் கிடைத்தது, செனட்டில் வாக்கெடுப்பு நடத்துகிறோம் என்ற வாக்குறுதி மட்டுமே. வாக்கெடுப்பு நடந்தது, மானியம் நீளவில்லை.

பெரியவர்கள் சண்டையில் அடுப்பை அணைத்தால் பட்டினி கிடப்பது குழந்தைகள்தான். வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஊழியர்களுக்கு அந்த நாட்களின் சம்பளம் பிற்பாடு கிடைத்துவிட்டது. சிகிச்சைக்குக் காத்திருந்தவருக்கு அந்த நாட்களை யார் திருப்பிக் கொடுப்பது?