கொட்டை யாருக்கு? பருத்தி வரலாற்றின் மறுபாதி

"பருத்தி புடவையாய்க் காய்த்தது போல" என்பது பழமொழி. எதிர்பாராத பேற்றைக் குறிக்கும் அம்மொழி பருத்தியில் காண்பது துணியை மட்டுமே. வரலாற்று நூல்களின் பார்வையும் பெரிதும் அதுவே: நூல், நெசவு, மான்செஸ்டர், பம்பாய் ஆலைகள். ஆனால் வயலிலிருந்து வரும் 100 கிலோ பருத்தியில் பஞ்சு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே, எஞ்சியது கொட்டை. அந்தக் கொட்டை யார் கையில் இருந்தது என்று கேட்டால், இந்தியப் பருத்தியின் வரலாறு வேறொரு முகம் காட்டும்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பேரார், காந்தேஷ், குஜராத் ஊர்களில் இரு உருளைகள் கொண்ட கைப்பொறியால் பஞ்சு பிரிக்கப்பட்டது. அவ்வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தனர். பஞ்சு வணிகரிடம் சென்றது. கொட்டை பெரிதும் ஊரிலேயே தங்கியது. அதில் ஒரு பகுதி அடுத்த பருவத்துக்கு விதை. மற்றது உழவு மாட்டுக்கும் கறவை எருமைக்கும் தீவனம். பருத்திமார் அடுப்புக்கு விறகாயிற்று. கொட்டையிலுள்ள கோசிப்பால் என்னும் நச்சு மனிதருக்குத் தீங்கானது. அசைபோடும் விலங்குகளோ அதைப் பெருமளவு தாங்கிக்கொள்ளும். எனவே கொட்டையை மாட்டுக்கு இட்டது அறியாமையன்று.

அமெரிக்க உள்நாட்டுப் போரால் (1861–65) இந்தியப் பருத்திக்குத் தேவை பெருகியது. 1870இல் பேராரின் சந்தை நகரமான காம்காவுக்கு இரயில் வந்தது. நீராவியால் இயங்கும் ஜின்னிங் ஆலைகள் பரவின. உழவர் கொட்டையோடு பருத்தியை விற்றனர். கொட்டை ஆலைக்காரரின் உடைமையாயிற்று. பல இரகங்களின் விதைகள் ஒரே குவியலில் கலந்தன; அதுவே விதைப்புக்குத் திரும்பி வந்தது. இந்தியப் பருத்திக் குழு 1919இல் அறிக்கை அளித்தபின், கலப்பைத் தடுக்க 1923இல் பருத்திப் போக்குவரத்துச் சட்டமும் 1925இல் ஜின்னிங் ஆலைகள் சட்டமும் வந்தன. இரண்டும் காக்க முனைந்தது பஞ்சின் தரத்தை; கொட்டையின் உடைமை பேசுபொருளாகவில்லை.

இதற்கிடையே கொட்டையே சரக்காகிப் பம்பாயிலிருந்து இங்கிலாந்தின் ஹல் நகர எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. அமெரிக்காவில் 1911இல் பருத்திக்கொட்டை எண்ணெயைக் கெட்டியாக்கிக் 'கிரிஸ்கோ' விற்பனைக்கு வந்தது. முறைப்படி பதப்படுத்தினால் 100 கிலோ கொட்டை சுமார் 16 கிலோ எண்ணெயும் 45 கிலோ பிண்ணாக்கும் 27 கிலோ தோலும் 8 கிலோ குறும்பஞ்சும் தரும். குறும்பஞ்சு வெடிமருந்துக்கும் செல்லுலோஸ் பொருள்களுக்கும் மூலப்பொருள். இந்தியாவிலோ கொட்டையை அப்படியே ஆட்டும் வழக்கம் நீடித்ததால் தோலும் குறும்பஞ்சும் பிண்ணாக்கோடு போயின. எண்ணெயிலும் ஒரு பகுதி அதிலேயே தங்கியது. 1924இல் பம்பாயில் தொடங்கிய ஆய்வுக்கூடம் (இன்றைய மத்தியப் பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம்) இவ்விழப்பைக் குறைக்கும் முறைகளையும், பருத்திமாரிலிருந்து பலகை செய்யும் வழியையும் உருவாக்கியது.

2002இல் பிடி பருத்தி அனுமதி பெற்றது. அது பெரும்பாலும் வீரிய ஒட்டு இரகங்களாக வந்ததால், விளைந்த கொட்டை மறுவிதைப்புக்கு உதவாமல் போனது. ஆலையிடம் கொட்டையை இழந்த உழவர், இப்போது விதையையும் ஆண்டுதோறும் வாங்குகிறார். அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை இன்றும் இழையின் நீளத்தையும் நுண்மையையும் கொண்டே தரம் பிரிக்கிறது. கொட்டையின் மதிப்பு சந்தை விலையில் ஓரளவு கலந்திருக்கலாம். ஆயினும் எண்ணெய் மிகுந்த கொட்டை விளைவித்தவருக்கென்று தனி விலை இல்லை.

பருத்திக் கொட்டையைத் 'துணைப்பொருள்' என்று எழுதும்போது நாம் பின்பற்றுவது ஆலையின் கணக்கேட்டை. உழவர் வீட்டுக் கணக்கில் அது ஒருநாளும் துணைப்பொருளாக இருந்ததில்லை.