கறைபடிந்த மாந்தரும் காண்போர் வெகுளியும்: 'காசிராம் கொத்தவால்' நாடகத்தை முன்வைத்து

முன்னுரை

தொலைக்காட்சிக் குற்றத் தொடர்களில் இன்று நன்மையும் தீமையும் விரவிய மாந்தரே மிகுதியும் முன்னிறுத்தப்படுகின்றனர். கைதியை அடித்துக் கொல்லும் காவலரும் மகனுக்காகச் சட்டத்தை வளைக்கும் தந்தையும் கதையின் நடுவில் நிற்கின்றனர். காண்போர் இவர்களுள் சிலரை வெறுக்கின்றனர், சிலர்க்கு இரங்குகின்றனர். ஒரே தன்மைத்தான குற்றம் ஒருவரிடத்து வெகுளியையும் மற்றொருவரிடத்து இரக்கத்தையும் தோற்றுவிப்பது ஏன்? இவ்வினா தொலைக்காட்சியோடு பிறந்ததன்று. 1972ஆம் ஆண்டு புனே நகரில் அரங்கேறிய 'காசிராம் கொத்தவால்' என்னும் மராத்தி நாடகம் இதனைக் கூர்மையாக எழுப்பியது. அந்நாடகம் பெற்ற எதிர்வினைகளைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரலாற்றுப் பின்னணி

கொத்தவால் என்னும் பதவிப்பெயர் தமிழர்க்குப் புதியதன்று. சென்னையின் கொத்தவால்சாவடி அதனை இன்றும் நினைவூட்டுகின்றது. பேஷ்வாக்களின் தலைநகரான புனேயில் இரவுக்காவல், சந்தை ஒழுங்கு, சிறு வழக்குகள் ஆகியன கொத்தவாலின் பொறுப்பில் இருந்தன. வட இந்திய அந்தணரான காசிராம் சாவல்தாஸ் 1777 முதல் 1791 வரை இப்பதவியை வகித்தார். அக்காலத்தில் அரசின் உண்மை அதிகாரம் நானா பட்னவீஸ் (1742-1800) என்னும் அமைச்சரின் கையில் இருந்தது.

1791 ஆகஸ்டு மாதம், தட்சிணை பெறப் புனேக்கு வந்திருந்த தெலுங்கு அந்தணர் சிலர் கொத்தவாலின் ஆட்களால் பிடிக்கப்பட்டுக் குறுகிய அறையொன்றில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் மூச்சுத் திணறி இறந்தனர். நகரம் கொதித்தெழுந்தது. காசிராம் மக்களிடம் ஒப்படைக்கப்பட்டுக் கல்லால் அடித்துக் கொல்லப்பட்டார். இந்நிகழ்ச்சி மக்கள் நினைவில் நெடுங்காலம் நின்றது. மோரோபா கான்ஹோபா 1863இல் இக்கொத்தவாலின் பெயராலேயே மராத்தியில் ஒரு நூல் எழுதினார் என்பது இதற்குச் சான்றாகும்.

நாடகமும் மாந்தரும்

விஜய் தெண்டுல்கர் (1928-2008) இச்செய்தியைக் கருவாகக் கொண்டு நாடகத்தைப் படைத்தார். பிழைப்புத் தேடிப் புனேக்கு வரும் காசிராம் செய்யாத திருட்டுக்காகத் தண்டிக்கப்படுகிறான். அவமதிக்கப்பட்டு நகரைவிட்டு விரட்டப்படுகிறான். அந்நகரைப் பழிவாங்க வஞ்சினம் கூறும் அவன், தன் மகள் லலித கௌரியை நானாவின் இச்சைக்கு ஈடாகக் கொடுத்துக் கொத்தவால் பதவியைப் பெறுகிறான். பின்னர் குற்றமற்றவரையும் வதைக்கிறான். மகள் இறக்கிறாள். தெலுங்கு அந்தணரின் இறப்பால் ஊர் திரண்டபோது நானா தயக்கமின்றி அவனைக் கைவிடுகிறார், அவன் கொல்லப்படுகிறான். நானாவோ விழாவெடுக்க ஆணையிடுகிறார்.

இந்நாடகத்தில் குற்றமற்றவர் என்று சுட்டத்தக்கவர் மிகச் சிலரே. காசிராம் முதலில் இரக்கத்திற்குரியவன், பின்னர் அச்சத்திற்குரியவன். நானா அறிவுக்கூர்மையும் காமமும் ஒருங்கே உடையவர். நகரத்தாரும் விலக்கல்லர். ஆடிப்பாடும் 12 பேர் மனிதச் சுவராக நின்று மறைக்க வேண்டியதை மறைத்தும் காட்ட வேண்டியதைக் காட்டியும் இயங்குகின்றனர். அவர்களே கூடிக் களிக்கும் நகரத்தாராகவும் இறுதியில் கொலைவெறிக் கூட்டமாகவும் மாறுகின்றனர். காண்போர் தம் இடத்தை அச்சுவரிலேயே காண நேர்கின்றது.

காண்போர் எதிர்வினை

ஜப்பார் படேல் இயக்கத்திலும் பாஸ்கர் சந்தாவர்க்கர் இசையிலும் உருவான இந்நாடகம் 1972 டிசம்பர் 16ஆம் நாள் புனேயின் பரத நாட்டிய மந்திரில் அரங்கேறியது. மோகன் ஆகாஷே நானாவாக நடித்தார். தயாரித்த அமைப்பு புரோகிரசிவ் டிராமாட்டிக் அசோசியேஷன். ஆடலும் பாடலும் நாட்டார் கலைக்கூறுகளும் இணைந்த புதுமையைப் பலர் போற்றினர். எனினும் நானாவை இழிவுபடுத்துவது, அந்தணர்க்கு எதிரானது என்னும் கண்டனங்கள் எழுந்தன. இருபது காட்சிகள் நிறைவுறுமுன் அவ்வமைப்பு நாடகத்தை நிறுத்தியது. கலைஞர்கள் பிரிந்து 1973 மார்ச்சு 27ஆம் நாள் தியேட்டர் அகாடமியைத் தொடங்கி, 1974 ஜனவரியில் நாடகத்தை மீண்டும் மேடையேற்றினர். 1980இல் குழு ஐரோப்பா செல்ல முற்பட்டபோது எதிர்ப்பு மீண்டும் மூண்டு நீதிமன்றம் வரை சென்றது.

எதிர்ப்பாளரின் வாதம் முற்றும் புறந்தள்ளத் தக்கதன்று. மராத்திய அரசுகளைப் பல்லாண்டு ஒருங்கிணைத்துக் காத்த அமைச்சரின் மெய்ப்பெயரைச் சூட்டி, அவர்மீது கற்பனைச் செயல்களை ஏற்றுவது முறையா என்பது அவர்தம் வினா. மேலும் 1948இல் காந்தியடிகள் கொலையை அடுத்து மேற்கு மகாராட்டிரத்தில் அந்தணர் வீடுகள் தாக்கப்பட்டன. அந்நினைவு மறையாத ஒரு சமூகத்தார்க்கு மேடையில் தம்மைப் பற்றிய எள்ளல் வெறும் எள்ளலாகத் தோன்றியிருக்க இயலாது. தெண்டுல்கரோ தம் படைப்பு வரலாற்று நாடகமன்று என்றும், காசிராம்கள் எக்காலத்தும் எவ்விடத்தும் சமூகச் சூழலால் உருவாக்கப்படுவர் என்றும் விளக்கினார். 1960களில் மும்பையில் வளர்ந்த வன்முறை அரசியலோடு இந்நாடகத்தை இணைத்துக் காண்பாரும் உளர்.

மெய்ப்பாட்டியல் நோக்கு

நடிப்போன் வெளிப்படுத்திய உணர்வு காண்போரைச் சென்று சேர்தலே மெய்ப்பாடு என்னும் செயிற்றியனார் கருத்தை இளம்பூரணர் எடுத்துக்காட்டுவார். இவ்விளக்கத்தின்படி புனே அரங்கில் எழுந்திருக்க வேண்டியவை கொடியவன்பால் இளிவரலும், வதைபடுவோர்க்காக அழுகையும் ஆகும். ஆனால் அரங்கிற்கு வெளியே எழுந்தது வெகுளி. அதுவும் கொடுமை இழைத்த காசிராம்மீது எழவில்லை. அவனைப் படைத்துக்காட்டிய கலைஞர்மீது எழுந்தது.

இம்மாற்றத்திற்கு விடை தொல்காப்பியத்திலேயே உள்ளது. வெகுளி பிறக்கும் களங்களாகத் தொல்காப்பியர் உறுப்பறை முதலிய நான்கினைச் சுட்டுகின்றார். அவற்றுள் குடிகோள் என்பதற்கு மனைவி, சுற்றம், குடிப்பிறப்பு ஆகியவற்றுக்குக் கேடு சூழ்தல் எனவும், கொலை என்பதற்கு ஒருவரது அறிவையும் புகழையும் கொன்றுரைத்தல் எனவும் பேராசிரியர் பொருள் காண்பார். உயிர்க்கொலையினும் புகழ்க்கொலை வெகுளி விளைக்கும் என்னும் இந்நுண்ணிய உரை புனே நிகழ்வுக்கு முற்றும் பொருந்துகின்றது. மேடையில் குற்றமற்றவர் வதைக்கப்படுகின்றனர். பெண்ணொருத்தி விலைப்பொருளாகி மடிகிறாள். இவை கண்டனத்தின் மையம் ஆகவில்லை. நானாவின் புகழும் ஒரு குலத்தின் பெருமையும் குறைபட்டன என்பதே மையமாயிற்று.

ஒப்பீடு

இம்முடிவை மற்றொரு படைப்பால் ஆராய்ந்து பார்க்கலாம். 1983இல் வெளிவந்த 'அர்த் சத்யா' என்னும் இந்தித் திரைப்படத்திற்குத் திரைக்கதை எழுதியவரும் தெண்டுல்கரே. அதன் நாயகனான காவல் உதவி ஆய்வாளன் காவலில் ஒருவனை அடித்துக் கொல்கிறான். தப்பிக்கத் தான் வெறுத்த அரசியல்வாதியின் உதவியையே நாடுகிறான். அப்பாத்திரத்தில் நடித்த ஓம் புரி, 1976இல் புனேத் திரைப்படக் கல்லூரி மாணவர்களாயிருந்தோரின் கூட்டுறவில் உருவான 'காசிராம் கொத்தவால்' படத்தில் காசிராமாக நடித்தவர். அக்கூட்டுறவில் பங்கேற்ற கே. ஹரிஹரனே பின்னர்த் தமிழில் 'ஏழாவது மனிதன்' (1982) படத்தை இயக்கினார்.

'அர்த் சத்யா'வின் நாயகனை மக்கள் வெறுக்கவில்லை. படம் பெருவெற்றி பெற்றது. காரணங்கள் இரண்டு. ஒன்று, அவன் எவருடைய குலப்பெருமையையும் தாங்கி நிற்கவில்லை. மற்றொன்று, இறுதியில் அவன் தானே சென்று சரணடைகிறான்.

இரண்டாவது காரணம் தமிழ்மரபில் ஆழ வேரூன்றியது. சிலப்பதிகாரப் பாண்டியன் ஆராயாது கோவலனைக் கொல்வித்தவன். எனினும் தவறுணர்ந்த கணத்தில் உயிர்நீத்தமையால் கறை நீங்கி, காண்போர் உள்ளத்தில் பெருமிதம் பெறுகின்றான். தெண்டுல்கரின் நானாவிற்கு அத்தகைய கணம் தரப்படவில்லை. கருவியாகப் பயன்பட்டவன் கல்லடிபட்டு மடிய, பயன்படுத்தியவர் விழாக் கொண்டாடுகின்றார். அறம் நிறைவேறியது என்னும் ஆறுதலோடு காண்போர் வீடு திரும்ப இயலாதவாறு நாடகம் முடிகின்றது. புகழ்க்கொலை பற்றிய சினத்தின் அடியில் இவ்வாறுதல் மறுக்கப்பட்ட அமைதியின்மையும் உறைந்திருந்தது எனக் கருத இடமுண்டு.

முடிவுரை

கறைபடிந்த மாந்தரை அவர்தம் குற்றத்தின் அளவு மட்டும் கொண்டு காண்போர் எடைபோடுவதில்லை. அம்மாந்தரின் பெயரில் தமக்குள்ள பங்கும், குற்றம் உணரப்பட்டதா என்பதுமே எடைக்கற்களாகின்றன. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் பேராசிரியர் உரையும் இவ்வுண்மையை விளக்கப் போதிய கருவிகளைத் தருகின்றன. தொலைக்காட்சிக் குற்றத் தொடர்களை ஆராய்வோர்க்கும் இவை பயன்படும். குற்றவாளி யார் என்பதோடு, எவருடைய குற்றத்தைக் காணக் காண்போர் மறுக்கின்றனர் என்பதும் அவ்வாய்வில் வினவப்பட வேண்டும். லலித கௌரிக்காக எழாத வெகுளி நானாவிற்காக எழுந்தது என்பது, புனே நாடகம் தன் காண்போரைப் பற்றி விட்டுச்சென்ற கசப்பான சான்றாகும்.