ஏழு தரம் நோபோல், எண்ணூறு விக்கெட்



முரளிதரனின் விருதுகளைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அதற்கு முன் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

1995 டிசம்பர் 26, மெல்பேர்ன். நடுவர் டரல் ஹெயார் அவரது பந்துகளை ஏழு தரம் ‘நோபோல்’ என்றார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அவரைக் கைவிடவில்லை.

மூன்று மாதம் ஆகுமுன், 1996 மார்ச் 17இல் லாகூரில் உலகக்கிண்ணம் நம் கையில். இறுதியாட்ட நாயகன் அரவிந்த டி சில்வா. தொடர் நாயகன் சனத் ஜயசூரிய. முரளிக்குத் தனி விருது இல்லை. ஆனாலும் அவர் அந்த அணியில் இருந்தார்.

2010 ஜூலை 22, காலி: 800ஆவது டெஸ்ட் விக்கெட். 2016இல் ஐசிசி புகழரங்கில் சேர்க்கப்பட்ட முதல் இலங்கையரும் அவரே.

நம் வகுப்புகளிலும் ‘பிழை’ என்று ஒதுக்கப்பட்ட பிள்ளை இருக்கும். அதன் பக்கம் நிற்கும் அர்ஜுன யார்? நாம்தானே!